பொறியா, சிறையா? எம்.எஸ்.எஸ். பாண்டியனின் திரைப்பட ஆய்வும் எம்.ஜி.ஆர். வழிபாடும்

ஆய்வுச் சுருக்கம்

எம்.ஜி.ஆர். வழிபாட்டை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல், தமிழ்த் திரைப்பட ஆய்வில் தொடர்ந்து எடுத்தாளப்பட்டு வருவது. அந்நூலின் தலைப்பிலேயே உள்ள பொறி என்னும் உருவகம், அந்நூல் திரட்டித் தரும் கதைப்பாடல் சான்றுகளோடு முரண்படுகிறது என்பதும், அதற்கு முன்னும் பின்னும் பாண்டியன் எழுதியவை அவ்வுருவகத்தைத் தளர்த்துகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆர்., திரை வழிபாடு, கதைப்பாடல், பார்வையாளர், மேட்டிமையோர், பெரும்பாக்கம்.

முன்னுரை

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி. இராமச்சந்திரன் காலமானார். சென்னையில் திரண்ட கூட்டமும், துயரம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட தொண்டர்களும் அன்றைய நாளேடுகளை நிறைத்தனர். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' (1992) அந்த மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1977 முதல் பத்தாண்டு நடந்த ஓர் ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் மீது விழுந்தது. ஆதாயம் வசதி படைத்தோருக்குச் சென்றது. காவல்துறை கடுமையாக நடந்துகொண்டது. அப்படியிருந்தும் அந்த ஏழைகளே அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது ஏன் என்பது நூலின் வினா. பொருளியல் படித்த ஒருவர் கேட்கக்கூடிய நேர்மையான வினாதான். விடையைத் தேடி அவர் கொட்டகைக்குள் நுழைந்தார் என்பதே அன்று புதுமை.

பாண்டியன் 2014 நவம்பர் 10 அன்று தில்லியில் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் இந்நூல் பூ.கொ. சரவணனின் மொழிபெயர்ப்பில் 'பிம்பச் சிறை' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. தமிழில் எழுதப்படும் திரைப்பட ஆய்வேடுகள் இன்று மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தமிழ் வடிவத்தையே. ஆங்கிலத் தலைப்பில் இருப்பது பொறி; தமிழில் அது சிறையாகியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. ஓசையிலும் சொற்சேர்க்கையிலும் 'பிம்பச் சிறை' நல்ல தலைப்பு. ஆனால் சிறையில் ஒருவரைப் பிறர் கொண்டுபோய் அடைக்கிறார்கள். பொறிக்கு இரை வைக்க வேண்டும். உள்ளே வருவதற்கு அது தானே வரவேண்டும். வைத்த இரை அதற்கு வேண்டிய பொருளாக இருக்கவேண்டும். அந்த இரை எது, அது யாருடையது என்ற வினாவைச் சிறை என்ற சொல் மூடிவிடுகிறது. பாண்டியனின் நூலில் மிகச் செழிப்பான பக்கங்கள் அந்த வினாவுக்கு விடை சொல்பவை.

'கல்ட்' என்னும் சொல்

மேலைநாட்டுத் திரைப்படக் கல்வியில் கல்ட் சினிமா என்பது இன்று நிலைபெற்ற ஒரு பாடப்பிரிவு. 1975இல் வெளிவந்த 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' நள்ளிரவுக் காட்சிகளில் பெற்ற விசித்திரமான வாழ்வு அதற்கு முதன்மை எடுத்துக்காட்டு. உம்பர்த்தோ எக்கோ 'காசபிளாங்கா'வை முன்வைத்து எழுதினார். ஜெஃப்ரி ஸ்கான்ஸ் 1995இல் 'ஸ்க்ரீன்' இதழில் மட்டமெனக் கருதப்படும் படங்களின் ரசனையைப் பற்றி எழுதினார். 2008இல் எர்னஸ்ட் மத்தேய்ஸும் சேவியர் மெண்டிக்கும் இத்துறைக்கெனத் தொகைநூல் ஒன்றைப் பதிப்பித்தனர். அங்கே கல்ட் என்பது சிறுபான்மையோரின் ரசனை. அதை ஆராயும் பேராசிரியர் பெரும்பாலும் தானே ஒரு ரசிகர். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுவதுமில்லை.

தமிழ் இதழியலிலும் இச்சொல் இப்போது அதே பொருளில் புழங்குகிறது. வெளியானபோது உரிய வரவேற்பின்றிப் பின்னர் கொண்டாடப்பட்ட 'ஆரண்ய காண்டம்' (2011) போன்றவற்றை 'கல்ட் படம்' என்கிறோம். இங்கு ஒரு தற்செயலைச் சுட்டலாம். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) இப்புதிய பொருளில் ஒரு கல்ட் படம். அதே பெயரில் 1965இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் வந்த எம்.ஜி.ஆர். படம், 2014இல் புதுப்பிக்கப்பட்டு மறுவெளியீடு கண்டு சென்னையில் வெள்ளிவிழாக் கொண்டாடியது. முன்னதன் அன்பர்கள் தம்மைத் தேர்ந்த சிலராகக் கருதுகின்றனர். பின்னதன் அன்பர்களுக்கு அப்படியொரு எண்ணம் தோன்ற வழியே இல்லை; அவர்கள் எண்ணிக்கை அத்தகையது. தமிழ்ச் சூழலில் வழிபாடு என்பது ஆட்சியைப் பிடித்த ரசனை. ஆகவே இங்கு அதை ஆராய்ந்தவர் ரசிகராக இருந்து எழுதவில்லை. ஆட்சியை விமரிசிப்பவராக இருந்து எழுதினார். பாண்டியனின் பலமும் சிக்கலும் இந்நிலைப்பாட்டிலிருந்தே வருகின்றன.

துறையில்லாத் துறை

தமிழ்த் திரைப்பட ஆய்வை நிறுவியவர்களுள் எவரும் திரைப்படத் துறையிலிருந்து வந்தவரல்லர். ராபர்ட் ஹார்ட்கிரேவ் அரசியலறிஞர். கார்த்திகேசு சிவத்தம்பி நாடக வரலாற்றிலிருந்து வந்தவர். 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையின் உயர் அதிகாரி. சாரா டிக்கி மானிடவியலாளர். பாண்டியன் வேளாண் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; 1990இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் 1880 முதல் 1939 வரையிலான நாஞ்சில்நாட்டின் நிலவுடைமை மாற்றங்களைப் பற்றியது. அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில், பொருளியலாளர்களுக்கு நடுவில் இருந்துகொண்டுதான் அவர் எம்.ஜி.ஆரின் படங்களைப் பற்றி எழுதினார். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலும் திரைப்படம் ஆய்வுப் பொருளாவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் திரைப்பாடல்களில் உவமை, திரைப்பாடல்களில் தத்துவம் என்ற அளவில் நின்றுவிடும். கொட்டகையும் சுவரொட்டியும் மன்றமும் அங்கே நுழைவதில்லை.

இதனால் பாண்டியனின் வாழ்க்கைப்பாதையைத் திரைப்பட வல்லுநர் ஒருவரின் பாதையாகக் காண முடியாது. 1991இல் 'பராசக்தி' பற்றிய கட்டுரை, 1992இல் எம்.ஜி.ஆர். நூல், 1996இல் தமிழ்ப் பண்பாட்டு மேட்டிமையோரும் திரைப்படமும் பற்றிய கட்டுரை. பிறகு சாதியும் நவீனத்துவமும் குறித்த 2002ஆம் ஆண்டுக் கட்டுரை, பிராமணர் - பிராமணரல்லாதார் என்னும் அடையாளங்களின் வரலாற்றை எழுதிய 2007ஆம் ஆண்டு நூல், அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகளுள் பன்னிரண்டாவதன் இணைப் பதிப்பாசிரியர் பொறுப்பு, இறுதியில் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் பணி. திரைப்படம் அவரிடம் சில ஆண்டுகளே முன்னிலையில் இருந்தது. பின்னர் வேறு வினாக்களின் அடியில் அது சென்று தங்கிவிட்டது.

இரை யாருடையது?

'தி இமேஜ் ட்ராப்' நூலுக்குக் கோட்பாட்டுத் துணை அந்தோனியோ கிராம்சி. மக்களின் பொதுப்புத்தி ஒரே சீரானதன்று. எதிர்ப்பின் கூறுகளும் பணிவின் கூறுகளும் அதில் கலந்து கிடக்கும். ஆளும் தரப்பு அதிலிருந்து சிலவற்றை எடுத்துத் தனக்கேற்ப அடுக்கித் தன் கருத்தியல் மேலாண்மையை நிறுவிக்கொள்ளும். எம்.ஜி.ஆர். படங்களில் நடந்தது இதுவே என்கிறார் பாண்டியன். படகோட்டி, விவசாயி, தொழிலாளி, ரிக்சாக்காரன் எனப் படத்தின் பெயரிலேயே உழைப்பவன் நிற்கிறான். அவன் அநீதியைத் தனியொருவனாக எதிர்த்து வெல்கிறான். படம் முடியும்போது பண்ணையார் திருந்துகிறார். பண்ணை அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பாண்டியன் நாட்டார் கதைப்பாடல்களைக் கொண்டுவருகிறார். நூலின் சாரம் இங்கிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறினான். முத்துப்பட்டன் சக்கிலியப் பெண்களை மணந்து, அவர்கள் தகப்பனின் தொழிலை ஏற்று, மாடுகளைக் காக்கப் போய் மாண்டான். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். சாதி எல்லையைக் கடந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், கொல்லப்பட்டவர்கள் தெய்வமானார்கள். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைப் படித்தவருக்கு இந்த வாய்பாடு பழகியதே. எம்.ஜி.ஆர். படங்கள் இந்த வீரனை எடுத்துக்கொண்டன. அவன் சாவை விட்டுவிட்டன. மீறலுக்கு உரிய விலை சாவு என்று சொன்ன மரபு, மீறினாலும் வெல்லலாம் என்று சொல்லும் படமாக மாறுகிறது. அந்த வெற்றி மெய்யுலகில் எதையும் மாற்றாது என்பது பாண்டியனின் முடிவு.

முடிவை விட்டுவிட்டுச் சான்றை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டாகவும் தெருக்கூத்தாகவும் கேட்ட கதையோடு வந்தார். திரையில் மாற்றப்பட்டது எது என்பதை அளக்க அவரிடம் ஒரு மூலம் இருந்தது. 'மதுரைவீரன்' (1956) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்படத்தில் வீரன் அரசனுக்குப் பிறந்தவனாகக் காட்டப்படுகிறான். தாழ்த்தப்பட்ட இணையர் அவனை வளர்க்கிறார்கள். பிறப்பைப் பற்றிய இந்த ஏற்பாடு மேற்சாதிக் கூச்சத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இறுதியில் அவன் கைகால் இழந்து மடிகிறான். 'பாசம்' (1962) போல எம்.ஜி.ஆர். திரையில் சாகும் மிகச்சில படங்களுள் இதுவும் ஒன்று. நாயகன் செத்தால் படம் ஓடாது என்னும் வணிக நம்பிக்கைக்கு மாறாக இது பெருவெற்றி பெற்றது. பார்வையாளர் விரும்பியது வெற்றியின் மயக்கம் மட்டுமே என்றால் இவ்வெற்றியை எப்படி விளக்குவது? மூலக்கதையை அறிந்தவர்கள் மூலக்கதையின் முடிவையே பார்க்க வந்தார்கள் என்று கொள்வதே எளிய விளக்கம்.

பொறியில் வைக்கப்பட்ட இரை அடித்தள மக்களின் சொந்த உடைமை என்பதைப் பாண்டியனைப் போல் எவரும் எடுத்துக்காட்டவில்லை. ஆனால் தன் உடைமையை அடையாளம் கண்டு அருகில் வந்தவரை ஏமாந்தவர் என்று மட்டும் அழைப்பது போதாது. படங்களும் வாழ்க்கை வரலாறுகளும் மன்ற வெளியீடுகளும் நூலில் விரிவாகப் பேசுகின்றன. பார்வையாளரின் குரல் அரிதாகவே கேட்கிறது. மதுரையில் 1980களில் களப்பணி செய்து சாரா டிக்கி எழுதிய நூல் (1993) அடுத்த ஆண்டே வந்தது என்பதால், அன்று இந்தக் குரல்களைக் கேட்க வழியில்லாமல் இருந்தது என்றும் சொல்ல இயலாது.

பெண்களைப் பற்றிய பகுதியில் இக்குறை இன்னும் துலக்கம். 'பெரிய இடத்துப் பெண்' (1963) போன்ற படங்களில் செருக்குள்ள பணக்காரப் பெண் அடக்கப்படுகிறாள்; படங்களின் ஆணாதிக்கத்தைப் பாண்டியன் சரியாகவே அம்பலப்படுத்துகிறார். அப்படியிருந்தும் அவர் கட்சிக்குப் பெண்கள் திரளாக வாக்களித்தனர். அவர்கள் அடங்கச் சொன்ன செய்தியை ஏற்றுக்கொண்டார்களா, அல்லது பணக்காரியின் செருக்கு அடங்குவதை மட்டும் ரசித்தார்களா? திரையின் பணக்காரி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு இரண்டாவது சாத்தியம் அவ்வளவு தொலைவானதன்று. நூல் அந்த வாசலில் நிற்கிறது, உள்ளே போகவில்லை. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தையும் இங்கு நினைக்கலாம். அதன் நிதி ஏழைகளின் வரிப்பணத்திலிருந்தே வந்தது என்பது பொருளியலாளரின் நியாயமான பதில். ஆனால் பிள்ளையின் தட்டில் விழுந்த சோறு பிம்பம் அன்று. அதைக் கண்ட தாயின் கணக்கை ஏமாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

ஓராண்டு முன்னும் நான்காண்டு பின்னும்

1991ஆம் ஆண்டின் 'பராசக்தி' கட்டுரையையும் இந்நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவர் ஒரு வேறுபாட்டை உணர்வார். 1952இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு வந்த அப்படத்தைத் தடைசெய்யக் கோரி எதிர்ப்புக் கிளம்பியது. அதன் அரசியல் குத்தல்களைப் பார்வையாளர் பிடித்துக்கொண்டார்கள் என்பதாலேயே எதிர்ப்பாளர்கள் அஞ்சினார்கள். கட்டுரையில் தோன்றும் பார்வையாளர் கூர்மையானவர். 1952இல் 'பராசக்தி' பார்த்தவரே 1956இல் 'மதுரைவீரன்' பார்த்தார். கொட்டகையும் அதுவே, பெஞ்சும் அதுவே. நான்கு ஆண்டில் அவர் கூர்மை எங்கே போயிற்று? படத்தின் அரசியல் ஆய்வாளருக்கு உவப்பானதாக இருந்தால் பார்வையாளர் அறிவாளி, இல்லையென்றால் அகப்பட்டவர் என்றாகிவிடும் அபாயம் இங்கு உள்ளது.

1996ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த அபாயத்தைப் பாண்டியன் உணர்ந்திருந்தார் என்று கருத இடம் தருகிறது. 1931க்குப் பின் பேசும்படம் வந்தபோது தமிழ் மேட்டிமையோர் அடைந்த சங்கடத்தை அது ஆராய்கிறது. கம்பெனி நாடகக்காரர்களின் கலை, தெருவில் போகிறவர் எல்லாம் வந்து உட்காரும் இடம், பாமர ரசனை என்று அவர்கள் திரைப்படத்தை இகழ்ந்தனர். இகழ்ந்து ஒதுக்க முடியாத அளவுக்கு அது வளர்ந்ததும் அதை உயர்த்துவது, திருத்துவது, யதார்த்தமாக்குவது எனப் புறப்பட்டனர். கொட்டகையே தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் என்று சிவத்தம்பி 1981இல் சுட்டியது இதன் மறுபக்கம். அந்தக் கூரையைக் கண்டு அஞ்சியவர்களின் வரலாற்றைப் பாண்டியன் எழுதினார். ஆய்வுப் பொருள் இடம் மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும். 1992இல் கண்ணாடியின் முன் நிறுத்தப்பட்டவர் ரசிகர். 1996இல் நிறுத்தப்பட்டவர் ரசிகரை இகழ்ந்தவர்.

இவ்விரண்டையும் பாண்டியன் எங்கும் வெளிப்படையாக இணைத்துப் பேசவில்லை என்பது அவர் வாசகர்களுக்கு இழப்பு. விளைவாக, தமிழ் ஆய்வேடுகளில் முன்னது மட்டும் எடுத்தாளப்படுகிறது. அதிலும் கதைப்பாடல் பகுதி விடுபட்டுத் தலைப்பு மட்டும் பயணம் செய்கிறது. 'பிம்பச் சிறையில் அகப்பட்ட மக்கள்' என்ற தொடரை எழுதிவிட்டால் மேற்கொண்டு எந்த ரசிகரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பாண்டியன் 1996இல் அடையாளம் காட்டிய அதே இகழ்ச்சி, அவருடைய 1992ஆம் ஆண்டுச் சொல்லைப் போர்த்திக்கொண்டு வருகிறது. மாதவ பிரசாத் 2014இல் வெளியிட்ட நூலில் தென்னிந்திய நடிகர் - தலைவரை மொழிவழி மக்களின் அரசியல் இருப்போடு தொடர்புபடுத்தி வேறு வழியில் விளக்க முயன்றது, இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் முயற்சியே. அந்நூலில் நடிகரின் இறையாண்மை பெரிதாகிப் பார்வையாளர் மீண்டும் சிறுத்துவிடுகிறார் என்ற தடை இக்கட்டுரையாளருக்கு உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

மேடவாக்கத்திலிருந்து

எம்.ஜி.ஆர். முதன்முதலில் சட்டமன்றத்துக்குத் தேர்வானது 1967இல், பரங்கிமலைத் தொகுதியிலிருந்து. எம்.ஆர். இராதா சுட்டதில் காயமுற்றுக் கழுத்தில் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியாகித் தேர்தல் பிரச்சாரம் செய்த தேர்தல் அது. இன்றைய மேடவாக்கம் ஊராட்சி பரங்கிமலை ஒன்றியத்தில் அடங்கியது. அக்காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதியில் இன்று கூட்டுச்சாலையைக் கடப்பதே பெரும்பாடு. அங்கிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் பெரும்பாக்கம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் அங்கே இருக்கிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்கென வாரியம் எழுப்பிய 20,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

பாண்டியனின் வினாவில் இடம்பெறும் நகர்ப்புற ஏழைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். எந்த ஆட்சி தம்மை எங்கிருந்து எங்கே அனுப்பியது என்பது அவர்களுக்குத் தெரியும். யாருடைய படத்தை வீட்டில் மாட்டுவது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். இவ்விரண்டு அறிவும் ஒரே ஆளிடம் இருப்பதை முரண் என்று அழைப்பது எளிது. கிராம்சியைத் துணைக்கழைத்த பாண்டியனின் சொந்த முறைப்படி பார்த்தால், பொதுப்புத்தியின் இயல்பான நிலை அது. இதை ஆராயும் பணி செம்மொழி நிறுவனத்துக்குரியதன்று, சரி. எந்த நிறுவனத்துக்குரியது என்பதுதான் விடையில்லாமல் கிடக்கிறது.

2012இல் நடந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்ற கேலிச்சித்திரங்கள் பற்றிய சர்ச்சை நாடாளுமன்றத்தை எட்டியது. அம்பேத்கர் தொடர்பான சங்கரின் சித்திரம் மையமாக இருந்தாலும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் சித்திரம் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. இவற்றை ஆராய எஸ்.கே. தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவில் பாண்டியன் உறுப்பினர். குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. பாண்டியன் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். திராவிட இயக்கத்தின்பால் அவருக்கிருந்த பற்றை அறிந்தவர்களுக்கு அந்த நிலைப்பாடு வியப்பளித்திருக்கலாம். ஒரு படத்தைப் பார்க்கும் பதினாறு வயது மாணவர் அதற்கு அடிமையாகிவிடமாட்டார், அதோடு வாதிடுவார் என்ற நம்பிக்கையின்றி அப்படியொரு குறிப்பை எழுத முடியாது. பள்ளி மாணவருக்கு 2012இல் அளித்த அந்த நம்பிக்கையை, 1956இன் தரை டிக்கெட்டுக்காரருக்கும் அளித்து 'தி இமேஜ் ட்ராப்' நூலைத் திரும்ப வாசிக்கவேண்டும். அதற்கான மூலங்கள் தொலைவில் இல்லை. மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணிக்குப் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் திரைப்பாட்டுப் புத்தகங்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. பெரும்பாக்கத்தின் அடுக்ககங்களில், அப்படங்கள் வந்தபோதே பார்த்தவர்களுள் எஞ்சியோர் எழுபதும் எண்பதும் கடந்திருப்பார்கள். முதலில் போகவேண்டியது அவர்களிடம்.